இன்னொருவரின் ஒப்புதல்

கல்யாணம் முறிந்தபோது பிரித்துக்கொள்ள அவர்களிடம் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. பீரோ அவளுக்கு, புத்தக அலமாரி அவனுக்கு. ஃப்ரிட்ஜை நீயே வைத்துக்கொள், நீயே வைத்துக்கொள் என்று இருவரும் தள்ளியதில் அது வீட்டுக்காரருக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு மதியத்துக்குள் எல்லாவற்றையும் ஆளுக்கொரு வண்டியில் ஏற்றியாகிவிட்டது. பிரிக்க முடியாமல் நின்றது டப்பா ஒன்றுதான்.

டப்பா என்பது ஒரு மென்பொருள். ஒரு புரோகிராம் ஓடுவதற்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையையும் அதோடு சேர்த்து ஒரே பொட்டலமாகக் கட்டிக் கொடுக்கும் கருவி. அப்படிக் கட்டியதை எந்தக் கம்ப்யூட்டரில் கொண்டுபோய் இறக்கினாலும் அப்படியே ஓடும். தொழில் தெரிந்தவர்கள் இந்த மாதிரிப் பொட்டலத்தைக் கன்டெய்னர் என்பார்கள். "என் மெஷின்ல நல்லாத்தானே ஓடுச்சு, உன்கிட்ட வந்ததும் ஏன் படுத்துக்குது?" என்று அலுவலகத்தில் நாள் தவறாமல் நடந்த சண்டை தாங்காமல், பக்கத்துப் பக்கத்து மேஜைக்காரர்களாக இருந்த காலத்தில் இருவரும் சேர்ந்து அதை எழுதினார்கள். விற்கவில்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், படிக்கலாம், திருத்தி அனுப்பலாம் என்று இணையத்தில் திறந்து வைத்துவிட்டார்கள். கல்யாணம் அதற்கு அப்புறம்தான் நடந்தது.

டப்பா என்று பெயர் வைத்தது அவள். மாமியார் அதை வெகுநாள் வரை பிளாஸ்டிக் வியாபாரம் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். "ரெண்டு பேரும் டப்பா செய்யறாங்க, உலகம் பூரா போகுதாம். எனக்குன்னு ஒண்ணு கொண்டுவரத் தோணுதா பாரு" என்று பக்கத்து வீட்டில் குறைப்பட்டுக்கொண்டார்.

டப்பாவைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இருவரின் சொந்தப் பெயரும் தெரியாது. அவன் எப்போதும் பாதுகாப்பு, பாதுகாப்பு என்று அடித்துக்கொள்வதால் பூட்டு. அவள் எங்கே கிழிந்தாலும் உட்கார்ந்து ஒட்டுப்போடுகிறவள் என்பதால் தையல். அந்தப் பெயர்களிலேயே எழுதினார்கள், அந்தப் பெயர்களிலேயே திட்டும் வாங்கினார்கள். எங்கோ ஒரு நாட்டின் வானிலை அலுவலகம், இன்னோர் ஊரின் பஸ் டிக்கெட் மெஷின், பெயர் தெரியாத எத்தனையோ ஆஸ்பத்திரிகள் எல்லாம் டப்பாவை நம்பி ஓடிக்கொண்டிருந்தன. நம்பி ஓடுகிறவர்கள் ஓடும்போது ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள். நின்றால் மட்டும் வந்து கதவைத் தட்டுவார்கள்.

ஆரம்பித்த அன்றே இருவரும் ஒரு விதி போட்டிருந்தார்கள். யார் எழுதிய திருத்தமாக இருந்தாலும், இன்னொருவர் படித்துப் பார்த்து ஒப்புதல் கொடுக்காமல் டப்பாவுக்குள் சேராது. எழுதியவரே தனக்குச் சரி சொல்லிக்கொள்ள முடியாது. பின்னால் மூன்றாவதாக ஒருவர் சேர்ந்தார். கடல் தாண்டி எங்கோ இருக்கிறவர். மாதக்கணக்கில் வாயைத் திறக்கமாட்டார், திறந்தால் ஒரே கொத்து, ஒரே வரி. அதனால் அவர்கள் இருவரும் அவரைக் கொக்கு என்று சொல்லிக்கொண்டார்கள். கொக்கு சொன்னது தப்பாகப் போனதே இல்லை. ஆனால் கொக்குக்காகக் காத்திருந்தால் வேலை நடக்காது. ஆகவே கோர்ட்டில் கையெழுத்துப் போட்ட பிறகும் அவள் திருத்தத்தை அவனும் அவன் திருத்தத்தை அவளும்தான் படித்துக்கொண்டிருந்தார்கள்.

நேரில் பார்ப்பதில்லை, போனில் பேசுவதில்லை. சைக்கிள் கடைக்கு மேலே ஒற்றை அறை வீடு ஒன்றை அவள் வாடகைக்கு எடுத்திருந்தாள். காலையில் ஆபீஸ் வேலைக்கு உட்காருமுன் டப்பாவின் பக்கத்தைத் திறந்துவிடுவாள். அவன் எழுதியிருப்பான்: "இந்த இடத்தில் கோப்பு காலியாக இருந்தால் என்ன ஆகும்?" அவள் எழுதுவாள்: "பார்த்துவிட்டேன். மாற்றிவிட்டேன்." அவன்: "சரி. சேர்க்கலாம்." அவ்வளவுதான். உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடிய பக்கத்தில் அதற்கு மேல் எழுதவும் முடியாது.

ஆனால் அந்த நாலு வார்த்தையில் அவளுக்கு எல்லாம் தெரிந்தது. அவன் முற்றுப்புள்ளி வைக்காமல் எழுதினால் இரவு தூக்கம் இல்லை. "தயவுசெய்து" என்று ஆரம்பித்தால் அம்மாவோடு சண்டை. பதில் வரத் தாமதமானால் அவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. ஒரு கட்டத்தில் அவள் ஒரு காரியம் செய்யத் தொடங்கினாள். யாரிடமும் சொல்லிக்கொள்ளக்கூடிய காரியம் அல்ல. திருத்தத்தில் ஒன்றுக்கும் உதவாத ஒரு சின்னப் பிழையை வேண்டுமென்றே விட்டுவைப்பாள். விளக்கக் குறிப்பில் ஓர் எழுத்துப்பிழை, தேவையில்லாத ஒரு வெற்று வரி. அதைச் சுட்டிக்காட்ட அவன் கூடுதலாக ஒரு வரி எழுதியாக வேண்டும். அந்த ஒரு வரிக்காகத்தான்.

இப்படியே போய்க்கொண்டிருக்கும்போதுதான் டப்பாவில் ஓட்டை விழுந்த செய்தி வந்தது.

மென்பொருளில் ஓட்டை தேடுவதையே தொழிலாக வைத்திருக்கும் ஒரு பெண் மிகவும் மரியாதையாக எழுதியிருந்தாள். டப்பாவுக்குள் அடைத்து வைத்த புரோகிராம் ஒன்று வெளியே ஏறிவந்து முழுக் கம்ப்யூட்டரையும் பிடித்துக்கொள்ள முடிகிறது, செய்து பார்த்துவிட்டேன், நீங்கள் சரிசெய்யும் வரை வாயைத் திறக்கமாட்டேன், ஆனால் நான் கண்டுபிடித்ததை இன்னொருவன் கண்டுபிடிக்க எத்தனை நாள் ஆகும் என்று எனக்குத் தெரியாது என்றாள். தையல் அதை மறுபடி முதலிலிருந்து படித்தாள். டிக்கெட் மெஷின் போனால் போகட்டும். ஆஸ்பத்திரிகள் இருக்கின்றனவே.

பொதுப் பக்கத்தில் இதைப் பற்றி மூச்சு விட முடியாது. திருடனுக்கு வழி சொன்ன கதையாகிவிடும். கொக்கு அவர்கள் இருவருக்கும் மட்டும் ஒரு வரி அனுப்பினார்: "நீங்கள் இருவரும் ஒரே அறையில் உட்காருங்கள்."

இடம் அவன்தான் பிடித்தான். ஒரு பல் ஆஸ்பத்திரியின் மாடியில், நாள் வாடகைக்குக் கிடைக்கும் அறை. ஒரு நீள மேஜை, நாலு நாற்காலி, சரியாக அழியாத வெள்ளைப் பலகை. கீழே பல்லைக் குடையும் சத்தம் தரை வழியாக ஏறிவந்தது. அவள் போனபோது அவன் வயர்களை எல்லாம் மாட்டி முடித்திருந்தான். மெலிந்திருந்தான். தாடி வைத்திருந்தான், அது அவனுக்கு ஒட்டவில்லை.

"வாங்க" என்றான். "உக்காருங்க."

அவனைப் பார்ப்பதற்கு, அவன் முகத்தைத் திருப்பிக்கொள்வதற்கு, ஏன், அவன் கோபப்படுவதற்கும்கூட அவள் மனசைத் தயார் பண்ணிக்கொண்டுதான் மாடி ஏறினாள். அந்த 'ங்க'வுக்கு மட்டும் தயாராகவில்லை. எத்தனையோ வருஷம் "ஏய்" என்றும் "நீ" என்றும் கூப்பிட்ட வாய்.

"தண்ணி வேணுமா உங்களுக்கு?"

"வேண்டாம். நீங்க குடிங்க."

முதல் நாள் பூராவும் இப்படியே போனது. பலகையில் கட்டம் போட்டார்கள், அம்புக்குறி போட்டார்கள், அழித்தார்கள். ஓட்டைக்காரி சொன்னபடி செய்து பார்த்தபோது, டப்பாவுக்குள் பூட்டி வைத்த புரோகிராம் அவர்கள் கண் எதிரே வெளியே வந்து நின்றது. எந்த வழியாக வந்தது என்றுதான் பிடிபடவில்லை. மாலையில் மேஜையைத் துடைத்து வைத்துவிட்டு, "நாளைக்கு வரீங்களா?" "வரேங்க" என்று விருந்தாளிகள் மாதிரி பிரிந்தார்கள்.

மறுநாள் மதியத்துக்கு மேல், வேலை தலைக்கேறிய நேரத்தில் அது தானாக உடைந்தது.

"டேய், இங்க பாரு" என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நாம தப்பான கதவையே பாத்துக்கிட்டிருக்கோம். இது வாசல் வழியா வரல."

அவன் நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தான். "பின்னே?"

"கதவைச் சாத்தும்போதே ஒரு கை உள்ள மாட்டிக்குது."

"புரியல. நிதானமா சொல்லு."

சொன்னாள். டப்பா ஒரு புரோகிராமை உள்ளே உட்காரவைத்துக் கதவைச் சாத்துவதற்கு முன், வெளியே இருக்கும் கம்ப்யூட்டரின் கோப்பு ஒன்றைத் திறந்து வைத்திருக்கும். சாத்துமுன் அதை மூடிவிட வேண்டும். வழக்கமாக மூடிவிடும். தொடக்கத்திலேயே ஏதாவது தவறி, மறுபடி முயற்சி செய்யும் போது மட்டும் மூட மறந்துவிடுகிறது. உள்ளே இருக்கிறவன் கெட்டிக்காரனாக இருந்தால் அந்தத் திறந்த கோப்பையே கயிறாகப் பிடித்துக்கொண்டு வெளியே ஏறிவிடுவான்.

"அடிப்பாவி" என்றான் அவன், கிட்டத்தட்ட சந்தோஷமாக. "மறுமுயற்சி! அதை எவன் பாத்தான்? வரியைக் காட்டு."

அவள் டப்பாவின் வரிகளை உருட்டிக்கொண்டே போனாள். உருட்டிய விரல் ஓரிடத்தில் நின்றது. யார் எழுதியது, எப்போது எழுதியது என்று தேடிப் பார்க்க அவளுக்குத் தேவை இருக்கவில்லை. தன் கையெழுத்து தனக்குத் தெரியாதா? வழக்கமாக வரிக்கு வரி விளக்கம் எழுதுகிறவள் அங்கே ஒரு குறிப்பும் எழுதாமல், எதையோ ஓடிப்போய் மூடுகிறவள் மாதிரி நாலே வரியில் முடித்திருந்தாள்.

"இது நான் எழுதினது" என்றாள்.

அவன் குனிந்து அந்த வரிகளைப் பார்த்தான். கீழே குடையும் சத்தம் நின்று, யாரோ வாய் கொப்பளிக்கும் சத்தம் கேட்டது.

"எப்பன்னு தெரியுதா உனக்கு?"

"தெரியும்" என்றான். "சேர்த்தது நான்தானே. படிக்காமலே சேர்த்தேன்."

அப்போது அவளுக்கு ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்துபோயிருந்தது. அதற்கு முந்தைய வாரம்தான் வயிற்றுக்குள் முதல் அசைவு தெரிந்து, அவன் கையை இழுத்து வைத்துக்கொண்டு இருவரும் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு ஒரு காலை ரத்தம், ஆட்டோ, ஆஸ்பத்திரி. மயக்கம் தெளிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நர்ஸ் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "பாக்கறீங்களாம்மா?" என்று கேட்டாள். அவள் தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். அவன் மட்டும் நர்ஸின் பின்னால் எழுந்து போனான்.

வீட்டுக்கு வந்த மறுநாள் அவள் கட்டிலில் சாய்ந்தபடி லேப்டாப்பைத் திறந்தாள். டப்பாவில் யாரோ எதுவோ ஓடவில்லை என்று புகார் சொல்லியிருந்தார்கள். சரிசெய்து அனுப்பினாள். அடுத்த அறையில் இருந்த அவனுக்கு அது வந்தது. மனைவி இந்த நிலையில் எழுதியதைத் திறந்து வைத்துக்கொண்டு, இது சரியில்லை, அது சரியில்லை என்று கேள்வி கேட்க அவனுக்கு மனசு வரவில்லை. படிக்காமல் ஒப்புதல் கொடுத்துவிட்டான். அவள் நிறுத்தவில்லை. அடுத்த நாளும் திருத்தினாள், அதற்கடுத்த நாளும். அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "கொஞ்சம் பேசலாமா?" என்றால், "இது ஒண்ணு பாதியில நிக்குது, முடிச்சிட்டு வரேன்" என்பாள். முடித்துவிட்டு ஒருநாளும் வந்ததில்லை. கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. ஊரே அவளைக் கல்நெஞ்சுக்காரி என்றது. மாமியார் மட்டும், "அவ உள்ள என்னமோ உடைஞ்சு கெடக்குடா, தட்டித் தட்டி எழுப்பாத" என்று மகனிடம் சொன்னார். தட்டாமலும் இருக்க முடியாமல், தட்டிக்கொண்டே இருக்கவும் முடியாமல் ஒரு வருஷத்துக்குப் பிறகு அவன் தன் அம்மா வீட்டுக்குப் போனான். சத்தம் போட்டு ஒரு சண்டைகூட நடக்கவில்லை.

இப்போது பல் ஆஸ்பத்திரி மாடியில், அந்த நாலு வரிக்கு முன்னால் அவள் உட்கார்ந்திருந்தாள். கை விசைப்பலகை மேல் இருந்தது. எதையாவது தட்டியிருந்தால் அந்த நிமிஷம் கடந்து போயிருக்கும். கை அசையவில்லை.

"நீ பாத்தியே" என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "அன்னைக்கு. நீ மட்டும் போய்ப் பாத்தியே."

"ம்."

"என்ன குழந்தைடா?"

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் கேட்கவே இல்லை, அவன் சொல்லவே இல்லை. இத்தனை நாள் அதை அவன் ஒருவனே சுமந்துகொண்டிருந்தான்.

"பொண்ணு" என்றான். "என் உள்ளங்கைக்குள்ள இருந்தா. கண்ணு மூடியிருந்துச்சு. விரல் எல்லாம்... விரல் எல்லாம் நீளமா, உன் விரல் மாதிரி. நான் அதையே பாத்துக்கிட்டிருந்தேன். அப்புறம் அந்த நர்ஸம்மா குடுங்க சார்னு கேட்டாங்க. குடுத்துட்டேன்."

அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று அதைச் சொல்ல முடியாது, வலியில் மாடு கத்துகிற மாதிரியான சத்தம். பிறகு அழுகை வந்தது. மேஜையில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள். அவன் எழுந்து அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். அவனும் அழுதான். கீழே இருந்து பல் டாக்டரின் ஆள் ஒருத்தி ஏறிவந்து, கதவைப் பாதி திறந்து பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள்.

ஓட்டையை அடுத்த நாள் அடைத்தார்கள். மறுமுயற்சிக்கு முன் கோப்பு கட்டாயம் மூடப்பட வேண்டும், மூடவில்லை என்றால் டப்பா ஓடவே கூடாது என்று எழுதினார்கள். அவள் எழுத, அவன் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தான். "இந்த இடத்துல ஸ்பெல்லிங் தப்பு" என்றான். அவள் திருத்தப்போனபோது, "இது நிஜமாவே தப்பா, இல்ல வழக்கமா எனக்குன்னு விட்டு வைப்பியே, அதுவா?" என்று கேட்டான்.

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "உனக்குத் தெரியுமா?"

"லூசு. 'இன்று'க்கு எந்த 'ன' போடணும்னு தெரியாதவளா நீ?"

இருவரும் சிரித்தார்கள். அழுது வீங்கிய முகத்தோடு சிரித்தார்கள். கொக்கு அந்தத் திருத்தத்தைப் படித்துவிட்டு "நன்று" என்றார். கொக்கு வாயில் அது பெரிய மாலை. புதிய டப்பா வெளியே போனது. ஓட்டை பற்றிய செய்தியும் கூடவே போனது. உலகமெங்கும் ஆட்கள் அவசர அவசரமாக மாற்றிக்கொண்டார்கள். சிலர் நன்றி சொன்னார்கள். ஒருவன், புது டப்பாவில் எச்சரிக்கை வரி மஞ்சளாக வருகிறது, முன்பு ஆரஞ்சாக அல்லவா இருந்தது, யாரைக் கேட்டு மாற்றினீர்கள் என்று எகிறினான்.

அந்த வாரம் அவள் வேறு மனுஷியாக இருந்தாள். ஜன்னல்களைத் திறந்து வைத்தாள். பீரோவில் ஒரு தட்டைக் காலி செய்தாள், எதற்கு என்று தனக்கே சொல்லிக்கொள்ளாமல். மூடிக் கிடந்தது திறந்துவிட்டது, இனி பேச முடியும், பேச முடிந்தால் வாழவும் முடியும் என்று அவள் கணக்குப் போட்டாள். தப்பான கணக்கு என்று யார் சொல்ல முடியும்? மாமியாருக்குப் போன் செய்தாள். அத்தை என்று கூப்பிடும் உரிமையை எந்தக் கோர்ட்டும் அவளிடமிருந்து எடுக்கவில்லை.

"அத்தை, நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன்டா தங்கம். நீ அழுதியாமே? அவன் சொன்னான்."

"ஆமா அத்தை."

"நல்லது. நல்லது பண்ணின."  பிறகு, "சாப்பிட்டியா?" என்றார். அந்தக் கேள்வியில் ஏதோ ஒளிந்திருப்பது மாதிரி இருந்தது. அவள்தான் அதைக் கேட்காதவள் மாதிரி இருந்துவிட்டாள்.

அறையின் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், வருகிறாயா என்று அவன் கேட்டபோது அவள் தலைக்குக் குளித்து, நல்ல சேலையாகப் பார்த்து உடுத்திக்கொண்டு போனாள். அவன் தாடியை எடுத்திருந்தான். பல் ஆஸ்பத்திரி வாசலில், மருந்துக் கடைக்குப் பக்கத்தில் இருந்த சிமென்ட் திண்டில் இருவரும் உட்கார்ந்தார்கள். டீ வாங்கி வந்து கொடுத்தான்.

"வீட்டுக்கு வாயேன்" என்றாள் அவள். சுற்றி வளைத்துப் பேச அவளுக்கு வரவில்லை. "நான் இப்ப பேசுவேன்டா. எவ்வளவு வேணும்னாலும் பேசுவேன்."

அவன் டீ கிளாஸை இரு கைக்குள்ளும் உருட்டினான்.

"நான் டப்பாவை விட்டுப் போறேன்" என்றான்.

அவளுக்குப் புரியவில்லை. வேறு எதற்கோ சொன்ன பதில் மாதிரி இருந்தது.

"எனக்கு அது எப்பவோ அலுத்துப்போச்சு. அந்த வருஷமே விட்டிருக்கணும். உனக்காகத்தான் இருந்தேன். காலைல உன் திருத்தம் வந்துச்சுன்னா, சரி, எந்திரிச்சிருக்கா, உக்காந்திருக்கா, உசுரோட இருக்கான்னு எனக்குத் தெரியும். ஒருநாள் வரலேன்னா அம்மாவை விட்டுப் போன் பண்ணச் சொல்லுவேன். உனக்கு ஆள் வேற யாரும் இல்லியே. நானும் போயிட்டா நீ அந்த ரூம்ல என்ன பண்ணுவியோன்னு பயம்."

"இப்ப?"

"இப்ப நீ அழுதுட்ட." அவன் கிளாஸைத் திண்டில் வைத்தான். "இனி உனக்கு ஒண்ணும் ஆகாது. எனக்குத்தான் முடியல. உன் பக்கத்துல உக்காந்தா எனக்கு அந்த ஒரு வருஷம்தான் ஞாபகம் வருது. நான் அடுத்த ரூம்ல உக்காந்து உன் டைப்பிங் சத்தத்தைக் கேட்டுக்கிட்டிருந்தது. உன்மேல கோபமே இல்ல. நம்பு. ஆனா அந்தச் சத்தம் என் காதை விட்டுப் போகமாட்டேங்குது."

"என்மேல பிரியம் இல்லியா?"

"அது இல்லேன்னா இவ்வளவு நாள் உன் ஸ்பெல்லிங்கைத் திருத்திக்கிட்டு இருந்திருப்பேனா?"

மாடியில் அழுது அவர்கள் திறந்தது ஒரே கதவுதான். அந்த வழியாக அவள் உள்ளே வந்தாள், அவன் வெளியே போனான். அவள் கெஞ்சவில்லை. கெஞ்சினால் அவன் இருந்துவிடுவான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் வாயை மூடிக்கொண்டாள். டீ ஆறிப்போனது. சாவியைக் கொடுத்துவிட்டு அவன் பஸ் நிறுத்தம் வரை கூட வந்தான். பஸ் வந்ததும், "ஏறு, பாத்து" என்றான்.

இரண்டொரு நாளில் டப்பாவின் பக்கத்தில் அவனுடைய திருத்தம் வந்தது. பொறுப்பாளர்கள் பெயர் இருக்கும் கோப்பில் ஒரே ஒரு வரியை நீக்கியிருந்தான். பூட்டு என்ற வரி. விளக்கத்தில், "விலகுகிறேன். எல்லோருக்கும் நன்றி" என்று மட்டும் எழுதியிருந்தான். ஒப்புதல் யாராவது கொடுக்க வேண்டும். கொடுத்த அந்த நொடியே அவனுடைய அனுமதிகள் எல்லாம் ரத்தாகிவிடும். அதற்குப் பிறகு அவளுடைய எந்தத் திருத்தமும் அவன் வாசலுக்குப் போகாது.

அவள் அதைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். மறுநாளும் திறந்தாள், மூடினாள். எங்காவது குறை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பலாம் என்று பார்த்தால், ஒரு வரியை நீக்குவதில் என்ன குறை சொல்ல முடியும்? கீழே மற்றவர்கள் வந்து எழுதத் தொடங்கினார்கள். போய் வாருங்கள் பூட்டு, உங்களால்தான் எங்கள் ஆஸ்பத்திரி ஓடுகிறது, நீங்கள் என்னைத் திட்டியதில்தான் நான் வேலை கற்றேன். முகம் தெரியாத மனிதர்கள் எத்தனை பேர்! மஞ்சள் எழுத்துக்காகச் சண்டை போட்டவனும் வந்து, நிறம் பரவாயில்லை, நீங்கள் இருங்கள் என்று எழுதினான். அவள் எதுவும் எழுதவில்லை.

கடைசியில் கொக்குக்குத் தனியாக எழுதினாள். நீங்கள் ஒப்புதல் கொடுத்துவிடுங்கள், என்னால் முடியவில்லை என்று.

அதிசயமாக உடனே பதில் வந்தது. அதைவிட அதிசயமாக அது ஒரு வரிக்கு மேல் இருந்தது. "என்னால் முடியும். ஆனால் அவர் காத்திருப்பது என் ஒப்புதலுக்காக அல்ல. அவர் பல நாட்களாகக் காத்திருக்கிறார்."

அன்று ஒரு சாதாரண வேலைநாள். கீழே சைக்கிள் கடையில் சக்கரத்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். காபி போட்டுக் குடித்தாள், கிளாஸைக் கழுவிக் கவிழ்த்தாள், தலையை வாரிக்கொண்டாள். பிறகு உட்கார்ந்து அந்த ஒரு வரியை, நீண்ட திருத்தத்தைப் படிப்பது மாதிரி ஆரம்பத்திலிருந்து கடைசி வரை படித்தாள். "படித்துப் பார்த்தேன். சரி. சேர்க்கலாம்" என்று எழுதி, பொத்தானை அழுத்தினாள். பக்கம் ஒருமுறை மினுங்கியது. அவன் பெயருக்குப் பக்கத்தில் இருந்த சின்னச் சாவிப் படம் மறைந்தது. அதற்குள் வேறு யாரோ வேறு எதுவோ ஓடவில்லை என்று புகார் அனுப்பியிருந்தார்கள்.

அவள் அதைத் திறக்கவில்லை. ஆபீஸுக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்து, எந்த பஸ் என்று பார்க்காமல் வந்த பஸ்ஸில் ஏறினாள். கூட்டம் இல்லை. காய்கறிப் பையை மடியில் வைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாளின் பக்கத்தில் இடம் கிடைத்தது. இரண்டு நிறுத்தம் வரை தாக்குப்பிடித்தாள். அதற்கு மேல் கண் நிற்கவில்லை. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"என்னம்மா, உடம்பு முடியலியா?" என்றார் அந்த அம்மாள்.

இல்லை என்று தலையாட்டினாள். பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக அதைச் சொன்னாள்.

"எனக்கு ஒரு பொண்ணு இருந்தாம்மா."

"அய்யோ. எத்தனை வயசு?"

"பொறக்கவே இல்ல."

அந்த அம்மாள் கடவுள், விதி, அடுத்தது பிறக்கும் என்று எதுவும் சொல்லவில்லை. காய்கறிப் பையைத் தூக்கிக் காலடியில் வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"ஜன்னல் பக்கம் வந்துக்கோ கண்ணு. காத்து வரும்."

அவள் நகர்ந்து உட்கார்ந்தாள். பஸ் பாலத்தில் ஏறியது. அந்த அம்மாள் பக்கத்தில் அமர்ந்து, முன் இருக்கைக் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை அவள் முதுகில் வைத்தார்.

"அவளைப் பத்திச் சொல்லு" என்றார். "நான் கடைசி ஸ்டாப்லதான் எறங்கணும்."